கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரமா?

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்ற பழமொழியை நாம் பெரும்பாலும் தவணை கடந்த கடனைப் பற்றியும், பருவம் தப்பி இட்ட உரத்தைப் பற்றியும் பேசும்போதே எடுத்தாள்கிறோம். அதன் நேர்ப்பொருளையே நினைத்து வருந்த வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று எனக்குச் சென்ற ஆண்டு நேர்ந்தது. அதை நம் அங்கத்தினர்கள் முன் வைப்பது என் கடமையெனக் கருதுகிறேன். ஏனெனில் அதில் என் தவறும் ஓரளவு கலந்திருக்கிறது.

நம் வட்டாரத்துக் கைத்தறி நெசவாளர் சங்கம் ஒன்றில் முப்பது ஆண்டுகளாகத் தறி நடத்தி வந்த அங்கத்தினர் ஒருவர். வயது ஐம்பத்திரண்டு. 100-ஆம் நம்பர் நூலில் ஜரிகைக் கரையிட்ட சேலை நெய்வதில் கைதேர்ந்தவர். இரண்டு ஆண்டுகளாக அவர் பெயருக்கு எதிரே கூலிப் பட்டியலில் பிடித்தம் விழத் தொடங்கியிருந்தது. அறுந்த இழையைப் பிணைக்காமல் விட்டது, கரையில் இழை தப்பியது, ஊடை நெருக்கம் ஒத்திராதது என்று காரணங்கள் எழுதப்பட்டிருந்தன. முதலில் மாதத்துக்கு ஒரு சேலை, பிறகு இரண்டு, பிறகு நெய்த சேலைகளில் பாதி. ஆய்வுக்குச் சென்ற நான் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். கூட்டல் சரியா, விகிதம் துணைவிதிப்படி உள்ளதா என்று சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கையொப்பமிட்டுத் திரும்பிவிட்டேன்.

நான்கு மாதங்களுக்குப் பின் ஒரு நாள் விடியற்காலையில் அவருடைய வலக் கண்ணில் புகைக்கரி படிந்தாற்போல் இருள் இறங்கியது. கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். வலக் கண்ணின் உள்ளே இரத்தம் கசிந்து பரவியிருந்தது. இடக் கண்ணின் பார்வை மையம் வீங்கியிருந்தது. ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவு நோய்க்கு மாத்திரை உட்கொண்டு வந்தவர் அவர். அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு முறையேனும் அவருடைய கண்ணின் உட்புறத்தை யாரும் பார்த்ததில்லை. சிகிச்சையால் இடக் கண்ணில் ஓரளவு பார்வை மிஞ்சியது. இப்போது அவருடைய மகன் தறியில் அமர, அவர் அருகிலிருந்து தார் சுற்றிக் கொடுக்கிறார்.

நான் பார்க்கச் சென்றபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஐயா, ஒரு நாளாவது வலித்திருந்தால் போயிருப்பேன். வலிக்கவேயில்லை. கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது உண்மைதான். அதை வெளியில் சொன்னால் சன்ன நம்பர் பாவு தரமாட்டார்களே என்று பயந்து சொல்லாமல் இருந்துவிட்டேன்."

இவ்விரண்டு வாக்கியங்களே இக்கட்டுரைக்குக் காரணம். வலியில்லாமல் வருவது இந்நோயின் இயல்பு. அதை நாம் மாற்ற முடியாது. பயத்தால் மறைப்பது நம் சங்கங்களின் நடைமுறையால் வருவது. அதை நாம் மாற்ற முடியும்.

வாய்க்கால் கெட்டால் வயல் கெடும்

கண்ணின் பின்சுவரில் உட்புறமாகப் படிந்திருக்கும் மெல்லிய படலமே விழித்திரை. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவே. நாம் காணும் பொருளின் ஒளி அதன்மீது விழுந்து, நரம்பு வழியே மூளைக்குச் செய்தியாகச் செல்கிறது. அதன் நடுவே சிறு புள்ளியளவான ஓரிடமே எழுத்தைப் படிக்கவும், ஊசியில் நூல் கோக்கவும், அச்சில் இழை இழுக்கவும் நமக்கு உதவும் கூர்மையான பார்வையைத் தருகிறது.

இப்படலத்துக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களைத் தலைமடையிலிருந்து கடைமடை வரை பிரிந்து செல்லும் வாய்க்கால்களாக விவசாய அன்பர்கள் எண்ணிக்கொள்ளலாம். இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் இக்குழாய்களின் கரை வலுவிழக்கிறது. முதலில் கரையில் அங்கங்கே மிகச் சிறிய புடைப்புகள் தோன்றுகின்றன. பின்பு அவை கசிகின்றன. சிறு இரத்தப் புள்ளிகளும் மஞ்சள் நிறக் கொழுப்புப் படிவுகளும் காணப்படுகின்றன. கசிவு பார்வை மையத்தில் தேங்கினால் அவ்விடம் வீங்கி, நேர்கோடு வளைந்தும் எழுத்து மங்கியும் தெரிகிறது.

வேறு சில குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. கடைமடைக்கு நீர் கிடைக்காதது போல், படலத்தின் சில பகுதிகள் பிராணவாயு இன்றித் தவிக்கின்றன. அப்பகுதிகள் புதிய குழாய்கள் வளரும்படி ஒரு பொருளைச் சுரக்கின்றன. அவ்வாறு வளரும் குழாய்கள் பயிருக்கு உதவாத களை போன்றவை, வலுவற்றவை. ஒரு நாள் அவை உடைந்து கண்ணுள் இரத்தம் பரவுகிறது. அல்லது அவற்றைச் சூழ்ந்து வளரும் நார் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடுகிறது. நம் நெசவாளர் கண்டது அந்த உடைப்பையே. ஆனால் கரை அரிக்கத் தொடங்கியது பல ஆண்டுகளுக்கு முன்னர்.

கவனிக்கத்தக்கது யாதெனில், முதற்புடைப்பு தோன்றிய நாள் முதல் பெருங்கசிவு நேரும் நாள் வரை நோயாளியின் பார்வை நன்றாகவே இருக்கலாம். சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை அவர் படித்துவிடலாம். ஆகவே, 'எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது' என்பது கண் நலமாக இருப்பதற்குச் சாட்சியாகாது.

கீறாமல் பார்க்கக்கூடிய இடம்

மனித உடலில் இரத்தக் குழாய்களையும் நரம்பையும் தோலைக் கீறாமல், ஊசி குத்தாமல், நேருக்கு நேராகக் காணக்கூடிய இடம் கண் ஒன்றே. பாப்பா என்னும் அச்சிறு சாளரத்தின் வழியே ஒளியைச் செலுத்தி, உட்புறத்தைப் பார்க்கும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் உலகுக்கு அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே, நீரிழிவு கண்டவர்களின் விழித்திரையில் மாறுதல்கள் இருப்பதை வியன்னாவைச் சேர்ந்த எட்வர்ட் யேகர் எழுதினார்.

ஆயினும் அக்காலத்தில் அதனால் விளைந்த பயன் சிறிதே. இளம் வயதில் நீரிழிவு கண்டவர் அந்நாட்களில் நெடுநாள் உயிர் வாழ்ந்ததில்லை. 1921-இல் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு, 1922-இல் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட பிறகே நீரிழிவு கண்டவர்கள் பல்லாண்டு வாழத் தொடங்கினர். வாழ்நாள் நீண்டதும், கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் மெதுவாக நேரும் கேடுகள் வெளிப்பட்டன. உயிரைக் காத்த மருந்து இருந்தும் பார்வையைக் காக்கும் வழி தெரியாமல் பலர் குருடாயினர்.

காலத்தில் கண்டதன் பலன்

இன்று நிலைமை அதுவன்று. 1993-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளிகளைக் கொண்டு நடத்திய நீண்ட ஆய்வு ஒன்று முடிவு கண்டது. அவர்கள் இன்சுலினை நம்பி வாழும் வகையினர். இரத்தச் சர்க்கரையை இயல்பான அளவுக்கு நெருக்கமாக வைத்திருந்தவர்களிடையே, கண்ணில் புதிதாகக் கேடு தோன்றும் அபாயம் நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. நம்மவரில் பெரும்பாலோருக்கு நடுவயதில் வரும் மற்றொரு வகையைப் பற்றி இங்கிலாந்தில் நடந்த பேராய்வு 1998-இல் வெளியாயிற்று. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதோடு இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தினால் கண் தப்பும் என்பதை அது மெய்ப்பித்தது.

கேடு தோன்றிய பின்னரும் வழியுண்டு. லேசர் ஒளியால் விழித்திரையின் ஓரப் பகுதிகளைச் சுட்டு, களைக் குழாய்கள் வளராமல் தடுக்கும் சிகிச்சை, கடுமையான பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1976-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பார்வை மையம் வீங்கினால் கண்ணுள் செலுத்தும் ஊசி மருந்துகளும் இப்போது வழக்கத்துக்கு வந்துள்ளன. ஆனால் இச்சிகிச்சைகள் யாவும் இருப்பதைக் காப்பவையே. போனதை முழுவதும் மீட்பவை அல்ல. கையாடல் நடந்த முதல் மாதத்தில் கண்டுபிடித்தால் சங்கம் பிழைக்கும்; ஐந்தாவது ஆண்டில் கண்டுபிடித்தால் வழக்குத்தான் மிஞ்சும். அதைப் போன்றதே இதுவும்.

ஒரு நாடு முழுவதுமே காலத்தில் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்து சான்றாகும். அங்கு 2003 முதல் நீரிழிவு கண்டவர்களை அழைத்து விழித்திரையைப் படம் பிடிக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உழைக்கும் வயதினர் குருடாவதற்கு அதுகாறும் முதற் காரணமாக இருந்தது நீரிழிவுக் கண் நோயே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009–10-ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் முதல் தடவையாக அது முதலிடத்திலிருந்து இறங்கியிருந்தது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் முறைகள் திருந்தியதும் இதற்கு ஒரு காரணம். ஆயினும் ஆண்டுதோறும் தவறாமல் பார்த்ததன் பங்கு பெரிது.

நம் நாட்டுக் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் நீரிழிவு கண்டவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேர் இந்நோய் உடையவர்கள். 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வு, நாற்பது வயதுக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பேருக்கு விழித்திரையில் மாறுதல் இருப்பதாகவும், நால்வருக்கு அது பார்வையைப் பறிக்கும் நிலையில் இருப்பதாகவும் கண்டது.

இவ்விகிதங்களை முந்நூறு அங்கத்தினர் கொண்ட ஒரு சங்கத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். நாற்பத்திரண்டு பேருக்கு நீரிழிவு. அவர்களுள் ஐவருக்கு விழித்திரையில் மாறுதல். ஒருவர் அல்லது இருவர் பார்வையை இழக்கும் விளிம்பில். இது மதிப்பீடே, சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும். எனினும் ஒவ்வொரு பொதுப்பேரவைக் கூட்டத்திலும் நம்மோடு பெஞ்சில் அமர்ந்து, தீர்மானத்துக்குக் கை தூக்கும் அந்த ஒருவரோ இருவரோ யார் என்பது அவர்களுக்கே தெரியாது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நெசவாளருக்குக் கண் போனால் தறி போயிற்று. விவசாயிக்கோ, பருத்தி இலையின் அடிப்புறத்தில் அசுவினி அண்டியிருப்பதைக் காண்பதும், பூச்சிமருந்துப் புட்டியில் அச்சிட்டுள்ள அளவைப் படிப்பதும், அந்தியில் வரப்பின்மேல் தடுமாறாமல் நடப்பதும் கண்ணால் ஆவனவே. இரு தொழிலிலும் முதலீடு கண்ணே.

காமிராவும் கணிப்பொறியும்

நெடுங்காலம் கண் பரிசோதனைக்கு ஒரு தடை இருந்து வந்தது. பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து இடுவர். அதன் பிறகு சில மணி நேரம் அருகிலுள்ள பொருள் தெளிவாகத் தெரியாது; வெளிச்சம் கூசும். அன்றைய நெசவு போயிற்று. நகரத்துக்குப் போகப் பஸ் கட்டணம், துணைக்கு ஒருவர், இரண்டு பேருடைய ஒரு நாள் கூலி. வலியே இல்லாத நோய்க்கு இவ்வளவு செலவு செய்ய யாருக்குத்தான் மனம் வரும்?

இத்தடை இப்போது பெரிதும் நீங்கியிருக்கிறது. இருட்டறையில் உட்கார்ந்தால் பாப்பா தானாகவே விரியும். அந்நிலையில் சொட்டு மருந்து இன்றியே விழித்திரையைப் படம் எடுக்கும் காமிராக்கள் வந்துள்ளன. ஒரு மின்னல் போன்ற ஒளி. ஒவ்வொரு கண்ணுக்கும் ஓரிரு படங்கள். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. கைபேசியோடு இணைத்துக் கையில் எடுத்துச் செல்லத்தக்க காமிராவும் நம் நாட்டிலேயே செய்யப்படுகிறது. டாக்டர் ஊருக்கு வர வேண்டியதில்லை. படம் டாக்டரிடம் சென்றால் போதும்.

இவ்வகையில் தமிழ்நாடு பிறருக்கு வழிகாட்டியாக இருந்திருக்கிறது. 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களை நிறுவி, அங்கிருந்தே நகரத்து டாக்டரோடு தொடர்பு கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. 1978-இல் சென்னையில் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் கிராமங்களுக்குச் சென்று கண் பரிசோதிப்பதில் பேர் பெற்றது.

இவ்விரு நிலையங்களும் உலகம் கவனித்த மற்றொரு முயற்சியிலும் பங்கு கொண்டன. கூகிள் நிறுவனத்தார் 1,28,000-க்கும் மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் கணிப்பொறிக்குக் காட்டிப் பழக்கினர். ஒவ்வொரு படத்தையும் கண் மருத்துவர் பலர் பார்த்துத் தரம் பிரித்திருந்தனர். புதிதாய்ச் சேர்ந்த பரிசோதகர், தேர்ந்தவர் அருகிலிருந்து ஆயிரம் சேலைகளைப் பார்த்துப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கக் கற்பதைப் போலவே, கணிப்பொறியும் நோயின் அடையாளங்களைக் கற்றுக்கொண்டது. அப்படங்களில் ஒரு பகுதி நம் நாட்டு மருத்துவமனைகளிலிருந்து சென்றவை. இம்முயற்சியின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. பின்னர் அரவிந்த், சங்கர நேத்ராலயா ஆகிய இரண்டிலும் 3,049 நோயாளிகளைக் கொண்டு சோதித்தபோது, படம் பார்ப்பதில் பழகியவர்களுக்குக் கணிப்பொறி இளைத்ததில்லை என்பது 2019-இல் உறுதியாயிற்று.

கருவியின் எல்லை

நிற்க. கருவியைக் கண்டு மயங்கிவிடலாகாது. எந்தத் தணிக்கையும் நூற்றுக்கு நூறு பிழையற்றதன்று.

2018-இல் அமெரிக்க அரசாங்கம், டாக்டர் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லும் கருவி ஒன்றுக்கு முதன்முறையாக அனுமதி வழங்கியது. 900 பேரிடம் செய்த சோதனையில், கவனிக்கத்தக்க அளவு நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 87 பேரையும், அவ்வாறு நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 90 பேரையும் அது சரியாகக் கண்டது. இதன் பொருளைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நீரிழிவு உள்ள 200 பேர் ஒரு முகாமுக்கு வருகிறார்கள். அவர்களில் 20 பேருக்கு மெய்யாகவே நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி ஏறத்தாழ 17 பேரைப் பிடிக்கும், மூவரைத் தவறவிடும். நோயில்லாத 180 பேரில் 18 பேரையும் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லும். ஆகவே, 'போ' என்று சொல்லப்பட்டவர் இடிந்து போக வேண்டியதில்லை. அவர்களில் பாதிப்பேருக்கு ஒன்றும் இராது. 'சரி' என்று சொல்லப்பட்டவரும் இனிக் கவலையில்லை என்று இருந்துவிடலாகாது. குறித்த தவணையில் மீண்டும் வர வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. கண்புரை முற்றியவருக்குப் படம் தெளிவாக விழாது. சொட்டு மருந்து இட்டே பார்க்க வேண்டும். நீரிழிவுக் கேட்டுக்கென்றே பழக்கப்பட்ட கருவி, கண் நீர் அழுத்தம் முதலிய பிற நோய்களைச் சொல்லாது. தாய்லாந்தின் சிற்றூர் மருத்துவ நிலையங்களில் கணிப்பொறி முறையை நடைமுறைப்படுத்தியதைப் பற்றி 2020-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு படம் தரம் போதாதென்று கருவியால் தள்ளப்பட்டதைக் கூறுகிறது. போதிய இருட்டறை இல்லாததே அதற்கு ஒரு முக்கிய காரணம். ஒரு கறுப்புத் திரைச் சீலையின் குறை, அரிய கருவியின் பயனைக் கெடுத்துவிட்டது. நெசவாளர் சங்கம் அக்குறையை நீக்க இயலாதா?

நோய் தோன்றுமுன் அபாயத்தை அளத்தல்

விழித்திரையில் முதற்புள்ளி தோன்றுவதற்கு முன்னரே, இன்னாருக்கு அபாயம் அதிகம் என்று கூற முடியுமா என்பதே இப்போது அறிஞர்களின் ஆராய்ச்சி. கண்ணின் வில்லையில் ஆண்டுக்கணக்கில் சர்க்கரையால் விளைந்த பொருள்கள் படிகின்றன. நீல ஒளியைப் பாய்ச்சினால் அவை வேறு நிறத்தில் ஒளிர்வதை அளக்கும் கருவிகள் உள்ளன. ஒளி பட்டதும் விழித்திரை எழுப்பும் மின்துடிப்பு தாமதிக்கிறதா என்று அளப்பது மற்றொரு முறை. குழாய்களில் இரத்தம் ஓடும் பாதையை ஊசி மருந்தின்றியே வரைந்து காட்டும் கருவியும் பெரிய மருத்துவமனைகளில் வந்துவிட்டது. இவை நம்பிக்கை தருபவை. ஆயினும் ஊருக்கு ஊர் பயன்படும் நிலையை இன்னும் அடையவில்லை.

இவற்றினும் எளிய முறை ஒன்று உண்டு. ஐஸ்லாந்து என்னும் சிறு நாடு 1980 முதலே நீரிழிவு கண்டவர்களின் கண்களை ஒழுங்காகப் பரிசோதித்து வருகிறது. அந்நாட்டு அறிஞர்கள் சில எளிய விவரங்களைக் கொண்டே ஒருவருடைய அபாயத்தைக் கணக்கிட்டு, அவர் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும் என்று நிர்ணயிக்கும் வழியை வகுத்தனர். அவற்றுள் முக்கியமானவை, நோய் கண்டு எத்தனை ஆண்டுகள் ஆயின, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, கண்ணில் ஏற்கெனவே மாறுதல் உண்டா என்பன. கடன் வழங்குமுன் நாம் விண்ணப்பதாரரின் நிலையை எடை போடுவது போன்றதே இது. முதல் மூன்றும் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சீட்டிலேயே பெரும்பாலும் கிடைக்கும்; நான்காவதற்கே காமிரா வேண்டும்.

நம் பேரேட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு விவரத்தையும் நான் இவற்றோடு சேர்ப்பேன். தேர்ந்த நெசவாளர் ஒருவரின் பெயருக்கு எதிரே பிடித்தம் தொடர்ந்து ஏறுமானால், அது அலட்சியம் என்று முடிவு கட்டுமுன் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். இது மருத்துவ விதியன்று; நான் கண்டு கற்ற பாடம். அந்தச் சங்கத்தின் பட்டியல் இரண்டு ஆண்டுகளாக அவருடைய கண்ணின் கதையை எழுதிக்கொண்டிருந்தது. அதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நம் சங்கங்கள் மருத்துவமனை நடத்த வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றை நிர்வாகக் குழுவின் ஒரே தீர்மானத்தால் தொடங்கலாம்.

1. ஆண்டுக்கு ஒரு நாள், கூலி பட்டுவாடா அல்லது போனஸ் வழங்கும் நாளாகப் பார்த்து, சங்கக் கட்டடத்திலேயே கண் பரிசோதனை நடத்துவது. அன்று எல்லோரும் எப்படியும் வருவர், நெசவு கெடாது. அரசு மருத்துவமனையையோ, அண்மையிலுள்ள கண் மருத்துவமனையையோ முன்னதாக எழுதிக் கேட்டால் முகாமுக்கு வழி சொல்வர்.

2. ஓர் அறையின் சாளரங்களைக் கனத்த கறுப்புத் துணியால் மூடி இருட்டறையாக்கித் தருவது. துணி நம்மிடமே உண்டு.

3. அதே நாளில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கச் செய்வது. நீரிழிவு இருப்பதே தெரியாதவர் பலர். வீடு தேடி மருந்து வழங்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டம் 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. அதன் ஊழியர் ஊரில் யாருக்கு மருந்து கொடுக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அவரைத் துணைக்கு அழைக்கலாம்.

4. பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லப்பட்டவர் உண்மையில் போனாரா என்று ஒரு மாதத்துக்குள் விசாரிப்பது. பரிசோதனையோடு நின்றுவிடும் முகாம், கோரிக்கை அறிவிப்பு அனுப்பிவிட்டு வசூலிக்காத கடனைப் போன்றது. பஸ் கட்டணத்துக்கு வழியில்லாதவருக்குச் சட்டத்துக்கும் துணைவிதிக்கும் உட்பட்டு, பொது நல நிதியிலிருந்து உதவ இயலுமா என்று குழு ஆலோசிக்கலாம்.

5. குடும்பத்தாரையும் அழைப்பது. பாவு ஓடுவதும் தார் சுற்றுவதும் வீட்டுப் பெண்மக்களே. அவர்கள் தங்கள் கண்ணைக் கடைசியில்தான் நினைப்பர். நீரிழிவு உள்ள பெண் கருவுற்றால் கேடு விரைவதுண்டாதலால், அவர் உடனே கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

6. எல்லாவற்றிலும் முக்கியமானது இது. எவருடைய பரிசோதனை முடிவும் சங்கத்தின் பொதுப் பதிவேட்டில் ஏறக்கூடாது. கரும்பலகையில் எழுதப்படக் கூடாது. அதைக் காரணங்காட்டிப் பாவையோ, நூலையோ, பயிர்க் கடனையோ மறுக்கக் கூடாது. சன்ன வேலை இயலாதவருக்குத் தடித்த நம்பரோ வேறு வேலையோ கொடுத்து, அவருடைய கூலி விழாமல் பார்த்துக்கொள்வதாகக் குழு முன்கூட்டியே தீர்மானம் செய்து எல்லோரும் அறியச் செய்ய வேண்டும். அந்த உறுதி இல்லாவிடில் யாரும் இருட்டறைக்குள் வரமாட்டார்கள்.

தனி அங்கத்தினர்கள் நினைவில் வைக்க வேண்டியவை மிகச் சிலவே. நடுவயதில் வரும் நீரிழிவைக் கண்ட அன்றே கண்ணின் உட்புறத்தையும் பார்த்துவிட வேண்டும். ஏனெனில் நோய் வெளிப்படுமுன் பல ஆண்டுகள் உள்ளே இருந்திருக்கலாம். பிறகு ஆண்டுக்கு ஒரு முறையோ, டாக்டர் சொன்ன தவணையிலோ தவறாமல் பார்க்க வேண்டும். கண்ணில் மிதக்கும் கரும்புள்ளிகள், திரை விழுந்தாற்போன்ற இருள், நேர்க்கோடு வளைந்து தெரிதல் ஆகியவை கண்டால் அன்றைக்கே போக வேண்டும். மூக்குக் கண்ணாடி கடையில் நம்பர் மாற்றிக்கொள்வது விழித்திரைப் பரிசோதனை ஆகாது.

அந்தச் சங்கத்தில் சென்ற மாதம் கண் பரிசோதனை நடந்தது. ஆறாவது விதியைத் தலைவர் பொதுப்பேரவையில் எழுந்து நின்று படித்த பிறகே அங்கத்தினர்கள் பெயர் கொடுத்தனர். தார் சுற்றும் அந்தப் பெரியவர் அன்று காலை முதல் வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்து, தயங்கி நின்றவர்களைப் பெயர் சொல்லி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அவர்களில் மூவர் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லப்பட்டனர், மூவரும் போயினர். ஒருவருக்குச் சிகிச்சை தொடங்கியிருக்கிறது. அவர் இன்னும் சன்ன நம்பர் பாவே நெய்கிறார்.

ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்யாத சங்கத்தை நாம் நம்புவதில்லை. நம் கண்களுக்கும் அந்த ஒழுங்கைக் கூட்டாகச் செய்துகொள்வோமாக. ஒருவருக்குத் தனியே இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்கன்றோ கூட்டுறவு என்று பெயர்.